காஜா பக்கம்

சட்டையில் பட்டன் நுழைகிற துளைக்குக் காஜா என்று பெயர். அந்தத் துளையைப் போடுகிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்தே தலை நரைத்தவர் என்பதால், தையல் ஆலையில் மட்டுமல்ல, அவர் குடியிருந்த தெருவிலும் காஜாக்காரர் என்றே அவருக்குப் பெயர் நின்றுவிட்டது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ஒரு நொடி யோசித்துத்தான் திரும்பிப் பார்ப்பார்.

வேலை ஒன்றும் கடினமில்லை, கண் மட்டும் அசரக் கூடாது. தைத்த முன்பக்கத் துணிகள் கட்டுக்கட்டாக வரும். விளிம்பில் மடித்துத் தைத்த பட்டியை ஊசிக்கடியில் கொடுத்து மிதியை அழுத்தினால் டர்ரென்று ஒரு சத்தம். நூல் சுற்றிக் கட்டும், நடுவில் கத்தி இறங்கும், துளை விழுந்துவிடும். துணியை நகர்த்தி அடுத்தது. ஆண்கள் சட்டை என்றால் காஜா இடது பட்டியில். போட்டுக்கொள்ளும்போது இடது மேலே வரும், வலது கீழே போகும். பெண்கள் சட்டைக்கு அது அப்படியே மாறும். ஏன் அப்படி என்று கேட்டால் ஆலையில் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். காஜாக்காரர் கதைகளைக் காதில் வாங்குவதில்லை. இடது மேலே, வலது கீழே. கத்தி இறங்கிய பிறகு தப்பைத் திருத்த முடியாது. இந்த இரண்டும் தெரிந்தால் போதும் என்று இருந்தார்.

கல்யாணமான புதிதில் அந்த வேலைக்கண் வீட்டுக்கும் கூடவே வந்துகொண்டிருந்தது. பேருந்தில் எதிரே நிற்பவனின் முகம் தெரியாது, பட்டி தெரியும். ஒரு கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குக் கை கொடுக்கப் போனவர், "மூணாவது காஜா கோணலா இருக்கே தம்பி" என்று சொல்லிவிட்டார். மனைவி அவரை ஓரமாக இழுத்துக்கொண்டு போய் வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"ஏங்க, வந்ததுலேருந்து பார்க்கிறேன், ஆம்பளை பொம்பளைன்னு இல்லாம எல்லார் நெஞ்சையும் வெறிச்சுக்கிட்டு நிக்கிறீங்க. கழுத்துக்கு மேல மூஞ்சின்னு ஒண்ணு ஆண்டவன் வச்சிருக்கான்ல, அதைப் பாருங்க. எங்கயாவது செருப்படி வாங்கிக் குடுத்துடாதீங்க."

அன்றைக்கு வெட்கப்பட்டவர், பிறகு முயன்று பழகிக்கொண்டார். சாயங்காலம் ஆலை வாசலில் கத்தரிக்கோலை ஒப்படைக்கிறபோது அந்தக் கண்ணையும் சேர்த்து ஒப்படைத்துவிட்டு வருவார். வெளியே வந்தால் மனிதர்களின் முகத்தை மட்டும் பார்ப்பார். வீட்டில் அந்தப் பழக்கத்தின் மிச்சம் மகனிடம் மட்டும் இருந்தது. சின்ன வயதில் அப்பா வாசலில் நுழைந்ததும் ஓடி வந்து அவர் சட்டையில் ஒட்டியிருக்கும் நூல்களைத் தேடுவான். "அப்பா, நூல்" என்று ஒவ்வொன்றாக எடுப்பான். தையலில் தொங்குகிற நூல் என்றால் பல்லால் கடித்து எடுப்பான். வளர்ந்து மீசை முளைத்த பிறகும் விடவில்லை.

அவர்கள் குடியிருந்தது ஒரு மாவு மில்லுக்கு மேலே இரண்டு அறை. மில் ஓடும்போது அடுக்கிய பாத்திரங்கள் தானாகப் பேசும். சன்னல் கம்பியை எத்தனை முறை துடைத்தாலும் மாவு படியும். அந்த மாவுப் படிவில்தான் பெரியவன், அதாவது மகன், கடைசியாகக் கை வைத்த தடம் கொஞ்ச நாள் இருந்தது.

மனசு சரியில்லாமல் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த பையன். ஒரு மத்தியானம் வீட்டில் யாரும் இல்லாதபோது இறங்கிப் போய்விட்டான். அம்மா விடுதிச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள், அப்பா காஜா போட்டுக்கொண்டிருந்தார், தங்கை கைபேசி பழுதுபார்க்கும் கடையில் நின்றிருந்தாள். வந்து பார்த்தால் கதவு திறந்து கிடந்தது, செருப்பு வாசலில் கிடந்தது. கீழே மில்காரரைக் கேட்டதற்கு, "மாவு பறந்துக்கிட்டிருந்துச்சும்மா, என் கையே எனக்குத் தெரியலை" என்றார். காவல் நிலையம், ஆஸ்பத்திரி, பிணவறை என்று எல்லாப் படியும் ஏறி இறங்கினார்கள். எங்கேயும் இல்லை.

கைபேசிக் கதைகள் அந்த வீட்டுக்குள் வந்தது அதற்குப் பிறகுதான். விடுதியில் கூட வேலை செய்கிற பெண்கள் ஆளாளுக்கு அனுப்பினார்கள். வழி தவறிய பிள்ளைகள், நினைவு இழந்த பிள்ளைகள், தாயின் பெயரை மட்டும் சொல்லி அழுகிற பிள்ளைகள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சோகப் பாட்டு. ஒரு கதையை நம்பித் தூரத்து ஊர் ஒன்றின் காப்பகத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் போனார்கள். அங்கே போனால் அது வேறு யாரோ, அவனுடைய அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து ரொட்டி ஊட்டிக்கொண்டிருந்தாள். திரும்பி வந்து படுத்தவள்தான், எழுந்திருக்க ஒரு மாதம் ஆனது. நெஞ்சு பலவீனம், இனி அதிர்ச்சி கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

அதிலிருந்து வீட்டில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. எந்தக் கதை வந்தாலும் முதலில் மகள் பார்ப்பாள், பிறகு அப்பா பார்ப்பார். இருவரும் சரி என்றால்தான் அம்மா ஆசைப்படலாம்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு சாயங்காலம் அம்மா நனைந்தபடியே படியேறி வந்தாள். தலையைத் துவட்டக்கூட இல்லை. கைபேசியை மட்டும் முந்தானைக்குள் நனையாமல் பொத்தி வைத்திருந்தாள்.

"என்னங்க, இதைப் பாருங்க. ஒண்ணும் சொல்லாம முதல்ல பாருங்க."

ஒரு ரயில் நிலையத்தின் நடைமேடை. தண்ணீர்க் குழாய். அதனடியில் தாடி மண்டிய ஒருவன் குந்தி உட்கார்ந்து ஒரு பிளாஸ்டிக் குவளையைக் கழுவிக்கொண்டே இருந்தான். பின்னால் வயலின் அழுதது. படத்தின் குறுக்கே எழுத்து ஓடியது: ‘பெரிய டாக்டராக இருந்தவர். அம்மா இறந்துபோனது தெரியாமல் தினமும் ரயிலுக்குக் காத்திருக்கிறார். கல் நெஞ்சும் கரையும். தாயை நேசிப்பவர்கள் பகிருங்கள்.’

"பெரியவன்தாங்க" என்றாள் அம்மா. "குந்தியிருக்கிறதைப் பாருங்க. குதிகாலைத் தரையில வைக்காம. அவன் அப்படித்தானே உக்காருவான்?"

"உலகத்துல எத்தனையோ பேர் அப்படி உக்காருவாங்க."

"அம்மா செத்துட்டாளாமே. நான் இங்க குத்துக்கல்லாட்டம் நிக்கிறேன்!" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவருக்குப் பிடிக்கவில்லை. காப்பகத்துக்குப் புறப்பட்ட அன்றும் இப்படித்தான் சிரித்தாள்.

மகள் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் ஈரக் கையைத் துடைத்துவிட்டுத் தன் கைபேசியில் தேடினாள். அதிகம் தேட வேண்டியிருக்கவில்லை.

"அம்மா, இது ரொம்ப நாளா சுத்துது. இந்தா பாரு, இதுல டாக்டர். இங்க பாரு, இதுல ராணுவத்துல இருந்தவராம். இதுல பாட்டுக்காரர், பொண்டாட்டி ஏமாத்திட்டுப் போயிட்டாளாம். ஒரே ஆளு, ஒரே குழாய். நாளைக்கு இவரே மந்திரியா இருந்தவர்னு போடுவாங்க, அதுக்கும் உங்க விடுதியில உக்காந்து அழுவீங்க."

"அவங்க எழுதினது பொய்யாவே இருக்கட்டும்டி. குழாய்கிட்ட உக்காந்திருக்கிறவன் யாரு?"

"யாரோ."

"யாரோன்னா?"

"யாரோன்னா யாரோதான். பின்னாடி பலகையைப் பாரு. மங்கலா ரெண்டு எழுத்து தெரியுதா? நம்ம எழுத்தாவா இருக்கு? எந்த நாட்டுல எடுத்ததோ!"

"அந்த எழுத்தை நீ பாரு. எனக்கு என் பிள்ளையைத் தெரியும்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

கீழே மில் நின்றிருந்ததால் மழைச் சத்தம் மட்டும் இருந்தது. காஜாக்காரர் கைபேசியை வாங்கினார். மனைவி சொல்லிக்கொடுத்த பழக்கப்படி முகத்தைப் பார்த்தார், முகத்தை மட்டும். விரலால் பெரிதாக்கினார். தாடி, மூக்கு, கன்ன எலும்பு. சில சமயம் அவனாக இருந்தது, சில சமயம் இல்லை. புருவத்துக்கு வந்தார். அங்கே மயிர் முளைக்காத ஒரு கோடு இருந்தது.

"அவனுக்கு வெட்டு எந்தப் புருவத்துல?" என்று கேட்டார். தெரியாமல் கேட்கவில்லை.

"இடதுல. ஓடி வந்து கட்டில் முனையில மோதிக்கிட்டான். ரத்தத்தை நான்தானே என் கையால பொத்தினேன்."

"இங்க பாரு. இவருக்கு வலதுல இருக்கு."

அவள் பார்த்தாள். தன் கையைத் தூக்கித் தன் இடது புருவத்தில் வைத்துக்கொண்டாள். மறுபடி பார்த்தாள். கையை வலது புருவத்துக்கு மாற்றினாள். படத்தில் இருந்தவன் குவளையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

"வலதுதான்" என்றாள் கடைசியில்.

"நான் என்ன, வேணும்னா சொல்றேன்?"

"இல்லங்க. வலதுதான். எனக்குத்தான் கண்ணு அவிஞ்சு போச்சு."

கைபேசியைக் கொடுத்துவிட்டு அரிசி களையப் போனாள். காஜாக்காரருக்கு அப்போது வந்தது துக்கமில்லை, நிம்மதி. இன்னொரு காப்பகம், இன்னொரு வெறுங்கை, இன்னொரு ஒரு மாதப் படுக்கை இல்லை என்ற நிம்மதி. இதை மறைக்க வேண்டியதில்லை. அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் அவருக்கு அந்த நேரத்தில் முதலாவது காரியமாக இருந்தது.

அதற்குப் பிறகு அவள் யாருடைய கைபேசியையும் வாங்கிப் பார்க்கவில்லை. விடுதியில் யாராவது படம் காட்டினால், "பொய்" என்று சொல்லிவிட்டு வெங்காயத்தை இழுத்துக்கொள்வாள். கீழே மில்காரரின் தம்பி கிணறு வெட்டுகிற இடத்தில் மண் சரிந்து செத்துப்போனார் என்று செய்தி வந்தபோது, மில்காரர் தலையில் கை வைத்து அழுதுகொண்டிருக்கையிலேயே, "நல்லா விசாரிங்க, பொய்யா இருக்கும்" என்றாள். மில்காரர் பெண்டாட்டி அதன்பிறகு அவளோடு பேசவில்லை.

"அக்கா, உனக்கு வெங்காயம்கூடக் கண்ணைக் கரிக்க மாட்டேங்குதே" என்று பாத்திரம் தேய்க்கிறவள் கேலி செய்தாள். "முன்னெல்லாம் எது வெங்காயத்துக்கு, எது பிள்ளைக்குன்னு தெரியாம ஊத்துமே!"

"வத்திப்போச்சு" என்றாள் இவள்.

மழை முடிந்து, பனியும் போய், வெயில் ஏறியது. ஆலைக்குள் கூரைத் தகடு காய்ந்து, காற்றாடி அனலை வாரிக் கொட்டியது. துணித்தூசி வேர்வையில் ஒட்டிக் கைகளில் பூனை மயிர் மாதிரி நின்றது. அப்படியொரு நாளில்தான் வெட்டுப் பிரிவில் தப்பு நடந்தது. யாரோ அச்சுத்தாளைக் குப்புறப் போட்டு வெட்டிவிட்டார்கள். ஒரு கட்டு முழுக்க ஆண் சட்டைகளுக்குக் காஜாப் பட்டி வலது பக்கம் போய்விட்டது. காஜாக்காரர் விடுப்பில் இருந்த நாளில் வேறு ஒருவன் அதற்குக் காஜாவும் போட்டு, பட்டனும் தைத்து, சட்டைகள் இஸ்திரி மேஜை வரைக்கும் போய்விட்டன.

மேஸ்திரி வந்து குதித்தார். "இத்தனை கண்ணு இருக்கே இந்த ஷெட்டுல, ஒரு கண்ணுக்குமா தெரியலை? ஆம்பளை சட்டைக்குப் பொம்பளை காஜா!"

இஸ்திரிக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "நல்லதுதானே மேஸ்திரி! புருஷன் பொண்டாட்டிக்கு ஒரே சட்டை போதும். துவைக்கிற சோப்பு மிச்சம்."

"வாயை மூடிக்கிட்டு மடிய்யா."

மேஸ்திரி நகர்ந்ததும் இஸ்திரிக்காரர் ஒரு சட்டையை எடுத்துத் தன் பனியன் மேலேயே மாட்டிக்கொண்டார். பட்டனைத் திணறித் திணறிப் போட்டார். கை கழுவுகிற தொட்டிக்கு மேலே மாட்டியிருந்த ரசம் போன கண்ணாடி முன்னால் போய் நின்று, கழுத்தைச் சிலுப்பிக்கொண்டார்.

"அண்ணே, காஜாண்ணே! இங்க வாங்க. தப்பெல்லாம் ஒண்ணும் இல்லை. கண்ணாடிக்குள்ள இருக்கிறவன் சரியாத்தான் போட்டிருக்கான் பாருங்க. இடது மேல, வலது கீழ! என்ன, அவனைத்தான் ஆர்டர் குடுத்தவன்கிட்ட அனுப்பணும்!"

ஷெட் முழுக்கச் சிரித்தது. காஜாக்காரரும் சிரிக்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. கண்ணாடிக்குள் இருந்த இஸ்திரிக்காரரின் கன்னத்து மச்சம் அந்தப் பக்கம் போயிருந்தது.

அவர் கத்தரிக்கோலைக்கூட ஒப்படைக்கவில்லை. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நடந்தார்.

மகள் வேலை செய்கிற கடையில் கூட்டம் இருந்தது. உடைந்த கண்ணாடிகளும் செத்த கைபேசிகளுமாகப் பரப்பிய மேஜைக்கு அந்தப்பக்கம் அவள் குனிந்திருந்தாள். அப்பா வேலை நேரத்தில் வந்து நிற்பதைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"அம்மாவுக்கு என்னப்பா?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. பாப்பா, அந்தக் குழாய்கிட்ட ஒருத்தர் குவளை கழுவுவாரே, அது இருக்கா?"

"எதுக்கு? அதான் இல்லைன்னு முடிஞ்சு போச்சே."

"இருக்கா?"

அவர் குரலில் இருந்த ஏதோ ஒன்றுக்காக அவள் தேடி எடுத்தாள். காஜாக்காரர் இந்த முறை முகத்தைப் பார்க்கவில்லை. ஆலையில் பார்க்கிற கண்ணால், கழுத்துக்குக் கீழே பார்த்தார். அழுக்கேறிய சட்டை. நாலு பட்டன் இருந்தது, ஒன்று இல்லை. வலது பட்டி மேலே இருந்தது. பையும் வலது மார்பில் இருந்தது.

"பொம்பளை சட்டைக்கு இப்படிப் பை வைக்க மாட்டோம்" என்றார். "இது ஆம்பளை சட்டை. படம்தான் மாறியிருக்கு. பாப்பா, இதைத் திருப்ப முடியுமா?"

மகள் அவரைப் பார்த்தாள். பிறகு விரலால் ஒரே ஒரு தட்டு தட்டினாள். குழாய் இந்தப் பக்கம் வந்தது. வெட்டு இடது புருவத்துக்கு வந்தது. பின்னால் பலகையில் மங்கலாக இருந்த அந்த வேற்று நாட்டு எழுத்து இரண்டும் திரும்பி, நம் எழுத்தாகி, நிலையத்தின் பெயரில் பாதியாக நின்றன. ஒரு ராத்திரி ரயில் பயணத்தில் போய்விடக்கூடிய ஊர்.

"ஒருத்தர் போட்டதை இன்னொருத்தர் எடுத்துப் போட்டா மாட்டிக்கக் கூடாதுன்னு இப்படித் திருப்பிப் போடுவாங்கப்பா" என்றாள் அவள். "எனக்குத் தெரியும். தினமும் பார்க்கிறேன். எனக்கு அது தெரியும்ப்பா." வாடிக்கையாளர் ஒருவர் தன் கைபேசி எப்போது கிடைக்கும் என்று கேட்டார். அவள் காதில் அது விழவில்லை. "கதை பொய்யின்னு கண்டுபிடிச்ச உடனே ஆளும் பொய்யின்னு முடிவு பண்ணிட்டேன். அம்மா கேட்டாளே, உக்காந்திருக்கிறவன் யாருன்னு."

வீட்டில் அம்மா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் சேர்ந்து வந்து நின்றதைப் பார்த்தும் கை நிற்கவில்லை. மகள் எதுவும் விளக்காமல் திருப்பிய படத்தை அவள் முன்னால் வைத்தாள்.

முறம் நின்றது.

அவர்கள் பயந்தபடி அவள் மயங்கவுமில்லை, அலறவுமில்லை. குனிந்து, படத்தில் இருந்தவனின் இடது புருவத்தை ஒரு விரலால் தொட்டாள். தொட்டதும் படம் நின்றுவிட்டது. விரலை எடுத்தாள், மறுபடி ஓடியது.

"நான் சொன்ன அன்னைக்கே போயிருந்தா?" என்று கேட்டாள்.

"உனக்கு நெஞ்சு..." என்று ஆரம்பித்தார் காஜாக்காரர்.

"நான் அதைக் கேக்கலைங்க."

எழுந்து போய்ப் பரணிலிருந்து ஒரு துணிப்பையை இறக்கினாள். அதில் மகனுடைய செருப்பு இருந்தது. மாவுத் தூசி படிந்த காகிதத்தைப் பிரித்து, செருப்பை முந்தானையால் துடைத்து, மறுபடி பைக்குள் வைத்தாள். "வர்றவங்க வாங்க" என்று படியிறங்கினாள்.

ரயிலில் வழி நெடுக அவள் அவரிடம் பேசவில்லை. மகள் வாங்கிக் கொடுத்த ரொட்டியை இரண்டாகப் பிட்டு, ஒரு பாதியைப் பைக்குள் செருப்போடு வைத்துக்கொண்டாள். அடுத்த நாள் வெயில் ஏறியபிறகு அந்த ஊர் வந்தது. இறங்கியதும் குழாயைத்தான் மூவரும் தேடினார்கள். குழாய் இருந்தது. படத்தில் இருந்த அதே உடைந்த மேடை, அதே பாசி. தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. யாரும் இல்லை.

எதிரே தேநீர்க் கடை. கடைக்காரர் வயசாளி, குவளைகளைக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தார். மகள் படத்தைக் காட்டியதும் அவர் கையை ஆட்டி மறுத்தார்.

"வேண்டாம்மா. படம் எடுக்கிறவங்க யாரும் இனிமே இங்க வராதீங்க. எடுத்தது போதும்."

"நாங்க படம் எடுக்க வரலைங்கய்யா" என்றாள் அம்மா. "நான் அவன் அம்மா."

கடைக்காரர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "இப்படி நாலு பேர் வந்தாச்சு. நான்தான் அண்ணன், நான்தான் மாமான்னு. எல்லாரும் பக்கத்துல நின்னு அழுது படம் எடுத்துக்கிட்டுப் போனாங்க. நீங்க அம்மாங்கிறதுக்கு என்ன அடையாளம்?"

அவள் திகைத்துப் போனாள். பையைத் திறந்து செருப்பைக் காட்டினாள். அதைப் பார்த்து அவருக்கு என்ன தெரியும்? அந்த நேரம் கடைக்காரரின் பார்வை காஜாக்காரரின் தோளில் வந்து நின்றது. ஆலையிலிருந்து வந்த அதே சட்டை. தோள்பட்டையில் வெள்ளை நூல் ஒன்று ஒட்டியிருந்தது.

"நூல்காரர் இருந்திருந்தா இந்நேரம் உங்களை விட்டிருக்க மாட்டார்" என்றார்.

"யாரு?"

"அவரைத்தான் சொல்றேன். பேர் கேட்டாச் சொல்ல மாட்டாரே, நாங்களா வச்ச பேரு. யார் சட்டையில நூல் தொங்கினாலும் சரி, கிட்டப் போய் எடுத்துடுவார். சில சமயம் பல்லால கடிச்சு. அதுக்கே எத்தனையோ பேர்கிட்ட அடி வாங்கியிருக்கார்."

காஜாக்காரர் குழாய் மேடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கடைக்காரர் அவரைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு அவர் யாரிடமும் அடையாளம் கேட்கவில்லை. ஒரு பலகையைத் துடைத்து, "உக்காருங்கம்மா" என்றார்.

"எங்கய்யா அவன்?"

"இல்லையேம்மா. போன மழை முழுக்க இங்கதான் இருந்தார். நான்தான் தினமும் ரெண்டு வேளை ஏதாவது குடுப்பேன். சும்மா வாங்க மாட்டார், குவளையெல்லாம் கழுவி வைப்பார். வெயில் ஆரம்பிச்ச சமயம்தான் போயிட்டார்."

"மழை முழுக்கவா?" என்றாள் அம்மா. புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்ததுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"ஏன் போனாருங்கய்யா?" என்று கேட்டாள் மகள்.

"அதை ஏம்மா கேக்கிறே. எவனோ ஒரு தறுதலை படம் எடுத்துப் போட்டுட்டான். அப்புறம் தினமும் கூட்டம். மூஞ்சிக்கு நேரா வெளிச்சம் அடிக்கிறது, தோள்ல கை போடுறது. வர்றவங்கெல்லாம் ஒரே கேள்வி: ‘உங்க அம்மா செத்துட்டாங்களாமே, உங்களுக்குத் தெரியுமா?’ கேட்டவனே அழுவான், அதை அவனே படம் புடிச்சுப்பான். முதல்ல இவருக்கு ஒண்ணும் உறைக்கலை. நாளாக நாளாக, ஒருநாள் என்கிட்ட வந்தார். அத்தனை நாள்ல என்கிட்ட அவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். ‘அம்மா செத்துட்டாங்களா?’ன்னார்."

"நீங்க என்னய்யா சொன்னீங்க?"

கடைக்காரர் கையிலிருந்த துணியை முறுக்கினார்.

"எல்லாரும் சொன்னாங்களேம்மா. போன்ல எழுதியிருந்துச்சு, நானும் பார்த்தேன். உண்மைன்னுதான் நினைச்சேன். ‘ஆமா தம்பி, எல்லாரும் ஒருநாள் போறவங்கதான்’னு சமாதானமாத்தான் சொன்னேன். அன்னைக்குக் குவளை கழுவலை. மறுநாள் காலையில ஆள் இல்லை. ஏதோ ஒரு ரயில்ல ஏறியிருக்கணும்."

குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

"நாங்க மூணு பேரும் ஒரு அறையில உக்காந்து, எழுத்தைப் பார்த்து, புருவத்தைப் பார்த்து, அத்தனையும் பொய்யின்னு கண்டுபிடிச்சோம்" என்றாள் அம்மா. யாரிடம் சொல்கிறாள் என்று தெரியவில்லை. "அவன்கிட்ட வந்து, ‘டேய், பொய்யிடா, உங்கம்மா உயிரோடதான் இருக்கா’ன்னு சொல்ல ஒரு ஆள் இல்லாம போயிட்டோம்."

அப்போதுதான் அவளுக்குக் கண்ணீர் வந்தது. பல மாதமாக வற்றியிருந்தது வந்தது. மகள் அவளைக் கட்டிக்கொள்ளப் போனாள். அம்மா அவள் கையை மெல்ல விலக்கிவிட்டுச் செருப்புப் பையை மடியில் சரியாக வைத்துக்கொண்டாள்.

நிலைய அதிகாரியிடம் போய்ச் சொன்னார்கள். மகள் திருப்பிய படத்தையும் வீட்டு முகவரியையும் கொடுத்தாள். அவர் வாங்கி வைத்துக்கொண்டார். எந்த ரயில் என்று தெரியாமல் எந்தப் பக்கம் தேடுவது என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான். வேண்டுமானால் படத்தை மறுபடி போடலாம், ஆயிரம் பேர் பகிர்வார்கள் என்றார். மகள் கைபேசியை அணைத்து உள்ளே வைத்துவிட்டாள்.

திரும்பிப் போகிற ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. மகள் பயணச்சீட்டு வாங்கப் போனாள். காஜாக்காரர் மனைவியிடமிருந்து ஓர் ஆள் இடம் தள்ளி, பலகையின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். கத்தரிக்கோல் இன்னும் பையில் இருந்தது, குனிந்தால் குத்தியது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வார்த்தை தேடினார். "அன்னைக்கு நான்..." என்று தொடங்கினார். அதற்கு மேல் நூல் ஓடவில்லை.

தூரத்தில் ஒரு ரயில் ஊதியது. நடைமேடையில் ஆட்கள் எழுந்து மூட்டைகளைத் தூக்கினார்கள். அவர் பழக்கப்படி தலையை நிமிர்த்தி, எதிரே வருகிறவர்களின் முகங்களைப் பார்க்கத் தொடங்கினார்.

மனைவி நகர்ந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் தோளில் ஒட்டியிருந்த வெள்ளை நூலை எடுத்தாள். எறியவில்லை, விரலில் சுற்றிக்கொண்டாள்.

"மூஞ்சியை நான் பார்த்துக்கிறேன்" என்றாள். "நீங்க சட்டையைப் பாருங்க."

ரயில் வந்து நின்று கதவுகள் திறந்தன. வேர்வையும் தூசியுமாக ஆட்கள் இறங்கி இறங்கி வந்தார்கள். காஜாக்காரர் கழுத்துக்கு மேலே கண்ணைத் தூக்காமல், ஒவ்வொரு நெஞ்சாகப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது மேலே, வலது கீழே. இடது மேலே, வலது கீழே.